மறுத்தால், எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பாகுபாடு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டம், சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளில் நெடுநாள் வேலை செய்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கடிதம் எழுதியவர்களின் நலன் கருதி ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அரச நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். என்னைவிடத் தகைமை குறைந்த ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. "வேலை கிடைக்காத எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்" என்று வாயை அடைக்கிறார்கள். எது பாகுபாடு, எது வெறும் ஏமாற்றம் என்று எப்படிப் பிரித்தறிவது?
– களுவாஞ்சிக்குடி

இரண்டு கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உங்களைப் போன்ற நிலையில் இருந்தும் உங்களைவிட நன்றாக நடத்தப்பட்டவர் யார்? அந்த வித்தியாசத்துக்கு எது காரணம்? அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றையும் அவை போன்ற வேறு காரணங்களையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தக் காரணங்களில் ஒன்றைக் காட்ட முடியாவிட்டாலும் 12(1) இருக்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது அதன் பொருள். அறிவித்த புள்ளித் திட்டத்தை ஒருவருக்காக மாற்றியிருந்தால் அதுவே போதும்.

"வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. கடதாசி வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். புள்ளித் திட்டம், உங்களுக்குக் கிடைத்த புள்ளிகள், தெரிவானவர்களின் புள்ளிகள், நேர்முகக் குழுவின் அறிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லா விபரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான எழுத்து உறுதியைக் கையோடு வாங்குங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது இங்கேதான். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடக் கிடைப்பது ஒரே ஒரு மாதம். 14 வேலை நாள் என்பது விடுமுறைகளோடு ஏறக்குறைய மூன்று வாரம். பதில் வரட்டும் என்று காத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். ஆகவே தகவல் விண்ணப்பம் போடும் அதே வாரத்தில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு கொடுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை. தொலைபேசி 1996. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் போயிருந்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று ஆணைக்குழுவை அமைத்த 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்பதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

முறைப்பாடு ஒரு பக்கம் இருந்தால் போதும். திகதி, நேரம், எந்தக் கருமபீடம், அதிகாரியின் பதவி, அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே. "என்னை அவமானப்படுத்தினார்கள்" என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்காது. "'உங்கட ஆக்களுக்கு இங்க வேலை இல்லை' என்றார்" என்று எழுதுங்கள். அதை மறுப்பதோ ஏற்பதோ அவர் பொறுப்பாகிவிடும். வாயால் மறுத்தவர் எழுதித் தரவும் மறுத்தால், அன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள்: "இன்ன திகதி வந்தேன், இன்ன காரணம் சொல்லி மறுக்கப்பட்டேன், இது தவறாயின் ஏழு நாட்களுக்குள் அறியத்தரவும்." பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம் சாட்சியாக நிற்கும்.

கொவிட் காலத்தில் உடல்களை எரித்தது எல்லோருக்கும் பொதுவான விதிதானே, அதில் பாகுபாடு எங்கே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– காத்தான்குடி

எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் மட்டும் பாகுபாடு இல்லையென்று ஆகிவிடாது. ஒரு விதி எழுத்தில் பொதுவாக இருந்து, அதன் சுமை முழுவதும் ஒரு சாராரின் தலையில் விழுந்தால் அது மறைமுகப் பாகுபாடு. விதியின் சொற்களோடு, அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 11 இல் வந்த வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது. எரிப்பதை வழக்கமாகக் கொண்ட குடும்பத்துக்கு அது மரணத்தின் துயரம். முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தத் துயரத்தோடு மார்க்கக் கடமையும் பறிபோனது. உடல்களைப் புதைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அந்த வலி இருந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கனவே சொல்லியிருந்தபடியால், "வேறு வழியில்லை" என்ற நியாயமும் இல்லை. ஒரு விதி மறைமுகப் பாகுபாடா என்று பார்க்க இந்த இரண்டும் போதும்: ஒரு சாராருக்குக் கூடிய பாதிப்பு, அதே நோக்கத்தை வேறு வழியில் அடைய முடிந்தமை.

2021 பெப்ரவரி 25 இல் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் நமது மாவட்டத்திலேயே, ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,600 க்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். மேல் மாகாணத்திலிருந்து ஒரு மகன் தன் தாயின் கபுறடிக்கு வர ஒரு பகலோ ஓர் இரவோ பஸ்ஸில் இருக்க வேண்டும். விதி போன பிறகும் அந்தத் தூரம் போகவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் வாதிட்டுத் தோற்க வேண்டாம். இந்தத் திகதிகளை வரிசையாகச் சொல்லுங்கள்.

வட்டையில் ஒரே வரம்பில் நின்று புல்லுப் பிடுங்குகிறோம். ஆணுக்கு 2,500 ரூபா, பெண்ணுக்கு 1,700. கேட்டால் "பொம்பிளைக் கூலி அவ்வளவுதான், வழமை" என்கிறார் வயற்சொந்தக்காரரான போடியார். சட்டம் ஏதும் இருக்கிறதா?
– வெல்லாவெளி

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் என்ற சர்வதேச தொழிலாளர் சமவாயத்தை (100 ஆம் இலக்கம்) இலங்கை 1993 இல் ஏற்றது. சம்பளச் சபைகள் வேதனம் விதிக்கும் தொழில்களில் ஆண் வேதனம், பெண் வேதனம் என்ற பிரிப்பு 1980 களிலேயே போய்விட்டது. ஆனால் தனியார் ஒருவர் தன் வயலில் நாட்கூலிக்குப் பிடிக்கும் ஆளுக்குக் குறைந்தபட்ச வேதனத்துக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறார் என்பதில் கைவைக்கும் சட்டம் இங்கே பலவீனமானது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 1,200 ரூபாவாகவும் உயர்ந்தது. உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் கூட. ஆகவே தொழில் திணைக்களத்தில் இந்த முறைப்பாடு நிற்பது கடினம். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நாங்கள் விரும்பவில்லை.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 800 ரூபா வித்தியாசம். ஒரு போகத்தில் நடுகை, புல்லுப் பிடுங்கல், வெட்டு எல்லாமாக 40 நாள் வேலை என்று வைத்தால் 32,000 ரூபா. இரண்டு போகத்துக்கு 64,000. ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவு அந்த வரம்பிலேயே கிடக்கிறது.

"ஆம்பிளை மூட்டை தூக்குவான்" என்பதுதான் வழக்கமாக வரும் நியாயம். மூட்டை தூக்கும் நாளுக்கு அது பொருந்தும். புல்லுப் பிடுங்கும் நாளுக்குப் பொருந்தாது. அந்த வேலையில் வேகமும் களையைப் பயிரிலிருந்து பிரித்தறியும் கண்ணும்தான் முக்கியம். ஆகவே பேச்சை ஆள் கணக்கிலிருந்து வேலைக் கணக்குக்கு மாற்றுங்கள். எட்டுப் பத்துப் பேர் ஒரு குழுவாகி, நாட்கூலிக்குப் போகாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தமாகப் பேசுங்கள். விலை பேசுமுன் வயலைப் போய்ப் பாருங்கள். கோழிச்சூடன் மண்டிய காணிக்கும் இடைக்கிடை கோரை உள்ள காணிக்கும் ஒரே விலை சொல்லி நட்டப்பட்ட குழுக்கள் உண்டு. முற்பணம் எவ்வளவு, எந்த நாளில் மீதி, மழை பெய்து வேலை நின்றால் என்ன என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள்.

பேசும் நேரமும் முக்கியம். களை முற்றி, கமக்காரர் ஆளில்லாமல் தவிக்கும் வாரத்தில் கூலி தானாக ஏறும். அதற்கு முன்னரே பேசினால்தான் எல்லோருக்கும் ஒரு விலை நிற்கும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பு கமக்காரர் அமைப்பிடம் எழுத்தில் கொடுத்து, அன்று வாசிக்கச் சொல்லுங்கள். கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு இல்லைதான். ஆனால் ஊர் முன்னால் வாசிக்கப்பட்ட விலையைத் தனியாக நின்று குறைப்பது ஒரு போடியாருக்கும் எளிதாக இராது.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். எனக்கும் அம்மா தந்த வளவுதான். சுனாமியில் அது போய், பிறகு கிடைத்த வீடும் காணியும் என் கணவர் பெயரில் பதிந்திருக்கிறது. மூத்த மகன் "அப்பாவுக்குப் பிறகு சட்டப்படி எனக்கு" என்கிறான். மகளுக்கு எதைக் கொடுப்பேன்?
– திருக்கோவில்

அம்மா, இது உங்கள் ஒரு வீட்டுக் கதை அன்று. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு வீடு வழங்கியபோது "குடும்பத் தலைவர்" என்ற கூட்டுக்குள் ஆணின் பெயரை எழுதினார்கள். பெண்ணிடம் இருந்த சொத்து ஒரே எழுத்தில் ஆணிடம் மாறியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். படிவத்தில் ஒரு கூடுதான் இருந்தது. பாகுபாடு பெரும்பாலும் படிவங்களில்தான் குடியிருக்கிறது.

முதலில் கையில் இருப்பது என்ன பத்திரம் என்று பாருங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியா, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா? உறுதியென்றால் வேலை எளிது. உங்கள் கணவர் நொத்தாரிசு மூலம் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். எழுதி வீட்டில் வைத்தால் போதாது, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும்.

அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால் மகன் சொல்வது பழைய சட்டம். பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, நியமிக்காமல் உரிமையாளர் இறந்தால், முன்பு அட்டவணையில் ஆண் மக்களே முதலில் வந்தார்கள். பெண் பிள்ளை மூத்தவளாயினும் பின்னால்தான். 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை நீக்கி, ஆண் பெண் பார்க்காமல் மூத்த பிள்ளைக்கு என்று மாற்றியது. உங்கள் வீட்டில் மூத்தவன் மகனே என்றால், நியமனம் செய்யாதவரை காணி அவனுக்கே போகும். புதிய சட்டம் உங்கள் மகளைத் தானாகக் காப்பாற்றாது.

ஆகவே உங்கள் கணவர் உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கும்போதே மகளைப் பின்னுரித்தாளராக நியமிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதி, கணவரின் அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு இருவரும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். நியமனப் படிவத்தை உரிய அதிகாரி முன்னிலையில் நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். அதன்பின் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில். படிவம் செயலகக் கோப்பில் கிடக்கும், பதிவு நடந்திராது. உரிமையாளர் இறக்குமுன் பதியப்படாத நியமனம் செல்லாது. இரண்டு மாதம் கழித்துப் போய், பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணவர் முந்திப் போனாலும் நீங்கள் வாழும்வரை அந்தக் காணியில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் விற்கவோ, அவர் நியமித்தவரை மாற்றவோ முடியாது. அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறோம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். நான் தமிழில் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதில் என்ன இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.
– பொத்துவில்

வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அன்று.

இது வெறும் மானப் பிரச்சினையும் அன்று. "தள்ளினார்" என்று நீங்கள் சொன்னது "அடித்தார்" என்று எழுதப்பட்டால், ஒரு வருடம் கழித்து நீதிமன்றில் "தள்ளினார்" என்று நீங்கள் சாட்சி சொல்லும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டி முரண்பாடு என்பார். உண்மை சொன்னவர் பொய்யராவார். வழக்குகள் இப்படியும் விழுகின்றன.

அடுத்த முறை போகுமுன் நடந்ததைத் தமிழில் உங்கள் கையால் எழுதி, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் எழுதக்கூடிய உத்தியோகத்தர் அன்று இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேளுங்கள். அவசரம் காரணமாகச் சிங்களத்தில்தான் எழுதப்படும் என்றால், கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதுங்கள்: "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது." விளக்காவிட்டால் "விளக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மொழி மறுப்பைப் பற்றித் தனியாக, 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அப்பாவுக்குத் தொழுநோய் என்று மருந்து கொடுக்கிறார்கள். மருந்து குடிக்கத் தொடங்கியதும் உடம்பு கறுத்துவிட்டது. நோய் கூடுகிறது என்று சொந்தக்காரர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கிணற்றில் அள்ள விடுகிறார்களில்லை. அப்பா மருந்தை விடப் போகிறேன் என்கிறார்.
– வாகரை

மருந்தை விட விடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கறுப்பது நோயால் அன்று. பல மருந்துச் சிகிச்சையில் உள்ள குளோபாசிமின் என்ற மருந்து தோலைக் கறுக்கச் செய்யும். சிகிச்சை முடிந்த பின் மாதக் கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். ரிபாம்பிசின் குடித்த அன்று சிறுநீர் சிவந்து போவதும் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை. தோலில் ஐந்து தேமல் வரை உள்ளவருக்குப் பொதுவாக ஆறு மாதம், கூடியவருக்குப் பன்னிரண்டு மாதம் மருந்து. ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் சில நாள் மருந்திலேயே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நிலை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஊர் ஒதுக்கத் தொடங்குவது மருந்து தொடங்கிய பிறகு. அதாவது தொற்றக்கூடிய காலத்தில் கூட இருந்து சாப்பிட்டவர்கள், தொற்றாத காலத்தில் ஓடுகிறார்கள். இதைச் சொந்தக்காரருக்கு இப்படியே சொல்லுங்கள்.

கிணற்றாலோ கோப்பையாலோ தொழுநோய் வராது. நெடுநாள் நெருங்கிப் பழகியவருக்கு மூச்சு வழியே தொற்றலாம். வெளித்தெரியச் சராசரி ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட எடுக்கும். ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை தோல் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டும். நிறம் வெளிறிய, சொரணை குறைந்த தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேமலுக்குள் ரோமமும் வியர்வையும் குறைவாக இருக்கும்.

இடையில் திடீரென்று தேமல் சிவந்து வீங்கினால், முழங்கை நரம்பு வலித்தால், கை கால் விரல் பலம் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது மருந்து ஒத்துக்கொள்ளாமை இல்லை. உடம்பு கிருமியை எதிர்ப்பதால் வரும் தாக்கம் அது. உடனே வேறு மருந்து கொடுத்தால் நரம்பு தப்பும். தாமதித்தால் விரல் மடங்கி நிற்கும், அந்த மடங்கிய விரலைப் பார்த்துத்தான் ஊர் ஆயுள் முழுவதும் ஒதுக்கும். சொரணை இல்லாத கையால் அப்பா கொதிக்கும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சுட்டது தெரியாது. பிடி உள்ள கோப்பை கொடுங்கள். தினமும் இரவில் உள்ளங்கால் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்ற தீவில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்தார்கள். நோய்க்கு மருந்து இல்லாத காலத்துப் பயம் அது. மருந்து வந்துவிட்டது, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு மாந்தீவு இன்னும் கட்டப்படுகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் அந்தக் கிணற்றடிக்கு வந்து, எல்லோரும் பார்க்க அப்பா அள்ளிய தண்ணீரைக் குடித்தால், எந்தத் துண்டுப்பிரசுரத்தையும்விட அது வேலை செய்யும்.

மகள் சக்கர நாற்காலியில். பாடசாலை "வசதியில்லை" என்று சேர்க்கத் தயங்குகிறது. வாசலில் மூன்று படி. நாங்களே சாய்தளம் கட்டித் தரலாமா?
– நிந்தவூர்

கட்டலாம், ஆனால் கட்ட வேண்டிய கடமை உங்களுடையது இல்லை என்பதை முதலில் எழுத்தில் வையுங்கள். இயலாமையுடையோரின் உரிமைகளைக் காக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, இயலாமை காரணமாகக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதையோ பொதுக் கட்டடத்துக்குள் நுழைவதையோ மறுக்கக் கூடாது என்கிறது. மீறினால் 24 ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அதிபருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, மறுப்பதானால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். பல "வசதியில்லை"கள் அந்தக் கடிதத்தோடு கரைந்துவிடும்.

இனிச் சாய்தளம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. மூன்று படியும் ஆறு அங்குலம் என்றால் மொத்தம் 18 அங்குலம். சாய்தளம் 18 அடி வேண்டும். மேசன்மார் இடமில்லை என்று ஆறு அடியில் முடித்துவிடுவார்கள். அதில் பிள்ளை தானாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். இடம் குறைவென்றால் சுவரோடு திருப்பிக் கட்டுங்கள், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். கதவு முன்பாகவும் அதே அளவு சமதளம் தேவை. இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் கணத்தில் நாற்காலி பின்னால் உருளும். அகலம் நாலடிக்குக் குறையக் கூடாது. ஓரத்தில் மூன்றங்குல விளிம்பு, இரு பக்கமும் கைபிடி. மேலே சீமெந்தை வழுவழுப்பாக இழைக்க வேண்டாம், ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கீறிவிடச் சொல்லுங்கள். மார்கழி மழையில் அந்தக் கீறல்தான் பிடிக்கும். அடியில் கான் ஓடினால் மூடி போடுங்கள். கதவின் திறந்த வழி 80 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். மலசலகூடத்தை மறந்துவிட்டால் இத்தனையும் வீண்: பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகும், சிறுநீர்த் தொற்று வரும், பள்ளிக்கூடம் தானாக நின்றுவிடும்.

கோயில் திருவிழாவில் எங்கள் பகுதிப் பொடியன்களை வடம் பிடிக்க விடுவதில்லை. சாதிதான் காரணம். பொலிஸுக்குப் போகலாமா?
– படுவான்கரை

போகலாம். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதி காரணமாகக் கடை, பாடசாலை, பொதுக் கிணறு, வழிபாட்டிடம் ஆகியவற்றில் தடுப்பதைக் குற்றமாக்கியது. குருமார் மட்டும் நுழையும் பகுதி அதில் சேராது. தேரோடும் வீதி அந்தப் பகுதி அன்று. சொந்த மத வழிபாட்டிடத்துக்குள் நுழைவதை அரசியலமைப்பின் 12(3) உம் காக்கிறது.

ஆனால் இன்று யாரும் "வராதே" என்று சொல்வதில்லை. "இது இன்ன குடியின் திருவிழா, அவர்களின் உரிமை" என்பார்கள். குடி என்பது தாய்வழி வம்சம். திருவிழாக்களைக் குடிகள் முறைவைத்துச் செய்வது மட்டக்களப்பின் பழைய ஒழுங்கு. செலவையும் பொறுப்பையும் ஏற்கும் முறை அது. வடத்தைத் தொடுபவரைத் தேர்ந்தெடுக்கும் அனுமதிச் சீட்டாக அதை ஆக்க முடியாது. பரிபாலன சபையின் யாப்பையும் உறுப்புரிமைப் பட்டியலையும் கேளுங்கள். உங்கள் பகுதியார் சந்தா கட்டியும் பொதுக்கூட்டத்துக்கு அழைக்கப்படாவிட்டால், தடுக்கும் கை அங்கேதான் இருக்கிறது. கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்னரே பிரதேச செயலாளருக்கு எழுதி, சபையையும் உங்களையும் ஒன்றாக அழைக்கக் கேளுங்கள். தேரடியில் வைத்துத் தீர்க்கப் போனால் கைகலப்பாகும். பிறகு பொடியன்கள் எதிரிக் கூண்டில் நிற்பார்கள்.

மதத்தைக் கேட்டபின் வீடு வாடகைக்கு இல்லை என்றார்கள்.
– கல்முனை

தனியாள் ஒருவர் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது மட்டுமே. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது.

திருநங்கையாகிய நான் அடையாள அட்டையில் பெயரையும் பாலையும் மாற்ற முடியுமா?
– மட்டக்களப்பு நகர்

முடியும். 2016 இலிருந்து வழி இருக்கிறது. மனநல விசேட வைத்திய நிபுணரிடம் போய்ப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். பொதுவாக ஒரே சந்திப்பில் கிடைக்காது. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, திருத்திய சான்றிதழோடு கிராம உத்தியோகத்தர் வழியாக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வரிசையை மாற்றினால் விண்ணப்பம் திரும்பும். கல்விச் சான்றிதழ்களையும் வங்கிக் கணக்கையும் மாற்றி முடியும்வரை பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதியை எறிய வேண்டாம், இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட அது தேவைப்படும்.

தெலுங்கு பேசும் குறவர் சமூகத்தவர் வாழும் அளிக்கம்பைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் படிக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் "குறவன்" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளை கிழமையில் இரண்டு நாள்தான் வருகிறது. ஆசிரியை நான் என்ன செய்ய வேண்டும்?
– அக்கரைப்பற்று

வராத நாட்களைக் குறித்துப் பாருங்கள். திங்கட்கிழமையா, விளையாட்டுப் பாடம் உள்ள நாளா, குழுவாக இருத்தி வேலை கொடுக்கும் நாளா? பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னால் பொய் என்று நினைக்காதீர்கள். பயம் உண்மையிலேயே வயிற்றில் வலிக்கும். ஒதுக்கப்படும் பிள்ளையின் உடம்பு எந்நேரமும் அடி வாங்கத் தயாராக நிற்கிறது. தூக்கம் கெடும், கவனம் சிதறும், தெரிந்த கணக்கும் கரும்பலகைக்கு முன்னால் மறந்துபோகும். அதைப் பார்த்து "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று எழுதிவிடுகிறோம். பட்டப்பெயரால் வந்த காயம் புள்ளியாக மாறி, புள்ளி மறுபடி பட்டப்பெயருக்குச் சாட்சியாகிறது.

அந்தப் பிள்ளையை முன்னுக்கு எழுப்பி "இவனும் நம்மைப் போலத்தான்" என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது விரலால் சுட்டுவதுதான். கூப்பிட்ட பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள். இருக்கைகளை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் மாற்றுங்கள், யாரும் நிரந்தரமாகக் கடைசி வாங்கில் இல்லாதபடி. வகுப்புப் பொறுப்புகளை முறைவைத்துக் கொடுங்கள். திறப்பு, வரவுப் பதிவேடு போன்ற நம்பிக்கையான வேலைகள் அந்தப் பிள்ளைக்கும் வரட்டும். வீட்டில் தெலுங்கு புழங்குமானால், ஒரு பொருளுக்கு வகுப்பில் எத்தனை மொழியில் பெயர் தெரியும் என்று எல்லோரிடமும் கேட்கும் பாடமொன்று வையுங்கள். சிங்களம் தெரிந்தவர், அரபு தெரிந்தவர், தெலுங்கு தெரிந்தவர் எல்லோருக்கும் அதில் இடம் இருக்கும்.

ஆசிரியர் அறையையும் கவனியுங்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பெரியவர்களிடமிருந்துதான் எடுத்திருப்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் வந்தால் எங்கே உட்காருகிறாள் என்று பாருங்கள். கதவோரம் நின்றால், நீங்கள் எழுந்து போய் ஒரு கதிரை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பேசுங்கள். மூன்று கிழமைக்குப் பிறகும் வரவு கூடவில்லையென்றால் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டிலோ வழியிலோ அடியோ வேறு துன்பமோ இருப்பதாகத் தெரிந்தால் அன்றே சிறுவர் உதவித் தொலைபேசி 1929 க்கு அழையுங்கள்.